கார்டை வாங்கிப்போனவள்

அப்பு,

தினமும் போனில் பேசுகிற மகனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே முடித்துவிடுகிறாய். "சரிம்மா, சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று நீ சொல்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை. காகிதம் குறுக்கே பேசாது. அதனால் பழைய நீள நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காலை பதினோரு மணி. திண்டுக்கல் வெயில் உனக்குத் தெரியும், இந்நேரத்துக்கே தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அடுத்த மாதம் நீ கனடாவுக்கு விமானம் ஏறப்போகிறாய். அதற்குள் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். முழுவதும் படித்துவிட்டுப் போன் செய். பாதியில் செய்தால் எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை செலவுக்குப் பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போனேன். நம் பாங்கியை ஒட்டினாற்போல் இருக்கிறதே, கண்ணாடிக் கதவு போட்டது, அதே அறைதான். உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. நம்பரைப் போட்டேன், பணம் வந்தது, எண்ணிப் பையில் வைத்தேன். அப்புறம் கார்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. மெஷின் கீ கீ என்று கத்தியது. கார்டை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை வருடமாக எடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தம் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. யாருடைய கார்டோ இது, மறந்துவிட்டுப் போகிறார்களே என்று நினைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி திரும்பினால் கார்டையும் காணோம். திரையில் முதலில் இருந்தே ஆரம்பிக்கச் சொல்லி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை இரண்டு தட்டுத் தட்டினேன். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"அடிக்காதீங்கம்மா, அது தராது. நாளைக்குப் பணம் வைக்க வாரவுங்க தொறக்கும்போது எடுத்து உள்ள குடுத்துருவாங்க. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துட்டு மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றார். கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார். "போன தடவை மாதிரித்தான்."

என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார், போகட்டும் என்று நானும் சிரித்துவைத்தேன். அறுபத்தேழு வயதில் பொம்பளைகள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தெரிவோம்.

மறுநாள் போனேன். கவுன்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கம்மா, மறுபடியுமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் ஒரு நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தாள். மெஷினில் மாட்டிய கார்டுகளைத் திருப்பிக் கொடுத்ததற்கான நோட்டு. கடைசி வரியில் அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு எட்டு வரி மேலே, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில், என் பெயர். என் கார்டின் கடைசி நாலு எண்கள். பெற்றுக்கொண்டேன் என்பதற்கு என் கையெழுத்து.

கையெழுத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துப் போடலாம். ஆனால் ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருடம் பில் போட்டவள் நான். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் தேதியைப் பொடி எழுத்தில் எழுதுவேன். பின்னால் யாரும் இடையில் எதையும் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம் அது. இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த நோட்டில் கோடு இருந்தது. கோட்டின் நுனியில் தேதியும் இருந்தது. நான் அந்தத் தேதியில் பாங்கிக்கு வரவே இல்லை, அப்பு. உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் எனக்கு இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். என் கார்டு தொலைந்ததே எனக்குத் தெரியாதபோது யாரிடம் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு விட்டேனா? "எங்க மாடியில ஒருத்தி குடியிருக்கா. என் பையி, பாஸ்புக்கு எல்லாம் எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். அவதான் வந்து வாங்கிட்டுப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லாவை! எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவளை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகும்போதுகூட "எதும் வாங்கியாரணுமாம்மா" என்று கேட்டுவிட்டுப் போகிறவளை, ஊரே கேட்கத் திருடி என்றேன். நல்லவேளை அவள் அங்கே இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கவுன்டர் பெண் பயந்துபோய், "இல்லம்மா, நீங்கதாம்மா வந்தீங்க. உங்க கையெழுத்துதாம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த வார்த்தையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, கேட்கவில்லை, சொல்லியிருக்கிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் கடை பார்த்த காலத்தில் பொன்னையா என்று ஒரு பெரியவர் வருவார். ஒரு மாதக் கடைசியில் பையோடு வந்து நின்றார். இந்த மாத அரிசியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றேன். "இல்லையே தாயி, நான் இந்த மாசம் கடைப்பக்கமே வரலையே" என்றார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். செத்த நேரம் குனிந்து பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் வரலையே தாயி" என்றார். "அப்ப உங்க ஆவி வந்து வாங்கிட்டுப் போச்சாக்கும்?" என்று கேட்டேன். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, அந்தக் கையெழுத்தையே இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை நான் கதையாகச் சொல்ல, நீயும் உன் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த மனிதருக்கு வீட்டில் யார் இருந்தார்கள், அவர் தனியாக எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ போகிற ஊரில் உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள் என்றாய். யாராவது நோட்டில் இருப்பதற்கு மாறாக ஒன்று சொன்னால், நோட்டை மூடிவைத்துவிட்டு அந்த ஆளைக் கொஞ்சம் பார், அப்பு.

சத்தம் கேட்டு மேனேஜர் எழுந்து வந்தார். உன் வயதுதான் இருக்கும். என்னைத் தன் அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "யாருக்கும் காட்டக் கூடாதும்மா. நீங்க இன்னொருத்தர் மேல பழி சொல்றீங்க, அதனால காட்டுறேன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். மேலே இருந்து பார்க்கிற கேமரா, நோட்டில் இருந்த அதே தேதி. கதவு திறந்தது. ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். செங்கல் நிறச் சேலை, என் சேலை. இடது தோளில் பை, என் பை. முட்டி வலியால் வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிற நடை. நான்தான். ஆனால் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதை உனக்கு எப்படிச் சொல்வேன்? பழைய போட்டோவைப் பார்த்தால், அது எந்த நாள் என்று தெரியாவிட்டாலும், அந்தச் சேலையின் சொரசொரப்பாவது ஞாபகம் வரும். இங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்தாள். பையில் இருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கவுன்டர் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். படத்துக்குச் சத்தம் கிடையாது. அந்தப் பொம்பளையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நோட்டில் கையெழுத்துப் போட்டாள், கோடு இழுத்தாள், கார்டை வாங்கிப் பையின் உள்ஜிப்பில் வைத்தாள். கிளம்பும்போது தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தாள். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவள் மாதிரி நின்று பார்த்தாள். மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்த நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வந்து கவுன்டர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அந்த அம்மா என்ன பேசினாள் என்று கேட்டேன். ஆமாம், 'அந்த அம்மா' என்றுதான் என் வாயில் வந்தது. அந்தப் பெண் தயங்கினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "உங்க மகன் கனடா போறாருன்னு சொன்னீங்க. எல்லார்ட்டயும் சந்தோசம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன், ஆனா போகாதன்னு அவன் கையப் புடிச்சுக் கெஞ்சணும்போல இருக்குன்னு சொல்லி அழுதீங்க. எதுக்குன்னு கேட்டேன். எனக்கு நாள் தப்பிப் போகுதும்மா, ஒரு நாள் ஞாபகத்துல இருக்கு, ஒரு நாள் இல்ல, அம்புட்டையும் அவன்ட்ட மறைக்கிறேன்னு சொன்னீங்க."

அப்பு, நான் அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. நாள் தப்பிப் போவதே அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செங்கல் நிறச் சேலைக்காரிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னைவிட அவளுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரிகிறது.

கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் தணியவில்லை. பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திறக்க மனம் வராமல் நின்றேன். சிரிக்காதே, என் வீட்டுக் கதவை நானே இரண்டு தடவை தட்டினேன். உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அன்றைக்குப் புதன்கிழமைதான், ஆனால் தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாள் இல்லை, வியாழக்கிழமை தெரிந்தது. ஃபிரிட்ஜில் வாழை இலையில் சுற்றி ஒரு முழம் மல்லிகை, வாடாமல் இருந்தது. உன் அப்பா போனதில் இருந்து நான் பூ வாங்குவதே இல்லை என்பது உனக்குத் தெரியும். பீரோவைத் திறந்தால் அந்தச் சேலை அடுக்கின் மேலேயே இருந்தது. நான் சேலையை நாலாக மடித்து நீளவாக்கில் வைப்பேன். அது மூன்றாக மடித்திருந்தது. கையெழுத்தில் அச்சு அசலாக நானாக இருக்கிறவள் சேலை மடிப்பதில் மட்டும் எப்படி வேறு ஆளாக இருக்கிறாள்? மறுபடி எடுத்து நாலாக மடித்தேன். என்னோடு இந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள், நான் இல்லாத நேரம் பார்த்து வருகிறாள் என்று தோன்றிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பு. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திருடி என்று சொன்னதையும் சொன்னேன். "விடுங்கம்மா. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு வெஞ்சனம் வச்சு ரெண்டையும் அடுப்புலயே மறந்துருவீங்க. திங்கக்கிழமை லீவு போடுறேன், டாக்டர்ட்ட போவோம்" என்றாள். போகத்தான் போகிறோம். அவர் எதையாவது பெயர் வைத்துச் சொல்வார். அதற்கு முன்னால் உன்னிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் ஒரு தடவை சொல்லாமல் இருந்து பார்த்தாயிற்று. உன் கடைசி வருடப் பரீட்சையின்போது உன் அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நீ போன் செய்யும்போதெல்லாம் செம்பட்டிக்குப் போயிருக்கிறார், தோட்டத்துக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று சொன்னேன். பத்து நாள் அப்படிச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களைக்கூடப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டுத்தான் போனை எடுப்பேன். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். நாலாம் நாள் அவர், "ஒரு தடவை குடு, குரலாச்சும் கேட்டுக்கிறேன்" என்று கை நீட்டினார். பிள்ளைக்குப் பரீட்சை, கெடுக்க வேண்டாம் என்று நான் கொடுக்கவில்லை. நீ வந்தபோது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னது எனக்கு எந்த நாளும் மறக்காது, இப்போதும் மறக்கவில்லை. "எனக்கு அப்பா இருக்கும்போதே நீ இல்லாமப் பண்ணிட்டியேம்மா" என்றாய். அதற்கு அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் பரீட்சையைக் காப்பாற்றுகிறேன் என்று உன் அப்பாவின் குரலை உன்னிடம் இருந்து பறித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

அதனால் இந்தத் தடவை எதையும் மறைக்கப் போவதில்லை. பாங்கியில் அழுதவள் சொன்னது அத்தனையும் நிஜம். நீ போகக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. நீ போக வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் நீ படித்து எழுதி வாங்கிய வேலை, அதை என் சேலை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? ஆனால் நீ இரண்டு வருடம் கழித்து வந்து கதவைத் தட்டும்போது, திறக்கிறவள் உன்னை யார் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வாய்? இதை யோசிக்காமல் நீ விமானம் ஏறக் கூடாது. யோசித்துவிட்டு ஏறினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்துவிட்டுப் போ. திங்கட்கிழமை டாக்டரிடம் நீயும் கூட வா. பாங்கிக் கணக்கில் உன் பெயரையும் சேர்த்துவிடலாம். அப்புறம் முக்கியமாக ஒன்று. நான் ஒருவேளை நாளைக்கே போனில் எனக்கு ஒன்றுமில்லை, நல்லபடியாகப் போய்விட்டு வா என்று சொன்னால் நம்பாதே. போகாதே என்று அழுதாலும் நம்பாதே. இந்தத் தாளில் இருப்பதை மட்டும் நம்பு. இன்றைக்கு எனக்குத் தலை தெளிவாக இருக்கிறது, சொல்லவேண்டியதை எல்லாம் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன்.

கீழே கையெழுத்துப் போட்டு, கோடு இழுத்து, தேதியும் போட்டேன். ஸ்டெல்லாவுக்கு இன்று மதிய ஷிஃப்டு. போகிற வழியில் தபாலில் போடச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். வந்தாள். உறையை வாங்கி முகவரியைப் படித்தாள். அப்புறம், "இதையும் ஸ்பீடு போஸ்ட்லயே போட்டுறவாம்மா?" என்று கேட்டாள்.

'இதையும்' என்றால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு கவர் குடுத்தீங்களேம்மா, தம்பிக்கு. இதே நோட்டுத் தாளுதான், இதே மாதிரி கனமா இருந்துச்சு. போய்ச் சேந்துருச்சுன்னு என் போனுக்கு மெசேஜ்கூட வந்துச்சே. தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

போனை எடுத்துக் காட்டினாள். உன் வீட்டு முகவரிக்குத்தான் போயிருக்கிறது. வாங்கிக்கொண்டவர் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர் இருந்தது. அவள் கையில் இருந்து உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்து, இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்து எழுதுகிறேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கிறாள். இரண்டு வாரமாக நீ தினமும் பேசினாய். குளிருக்குக் கோட்டு வாங்கியதைச் சொன்னாய், மாத்திரை போட்டேனா என்று கேட்டாய், கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் இல்லை. நீ எதையும் எனக்காகப் பூசி மெழுக வேண்டாம், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே சொல்லு. அந்தக் கடிதத்தில் அம்மா உன்னைப் போகச் சொல்லியிருந்தாளா, இருக்கச் சொல்லியிருந்தாளா, அப்பு?